டொராண்டோவுக்கு இன்னும் 640 கி.மீ.

பறந்த நேரம் 14:50. மீதி 1,210 கி.மீ.
இந்த போனைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, கேலரியில் இருக்கும் செல்ஃபிகளைப் பார்த்து மிரள வேண்டாம். நான் பூவிழி, வயது பதினாறு. புது நேரடி விமானத்தில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குத் தனியாகப் பறக்கிறேன். மொத்தம் 13,400 கி.மீ., பதினாறு மணி நேரம். வானிலை அறிக்கை: வான் நிலையாகத்தான் இருக்கிறது, என் வயிறுதான் நிலையாக இல்லை. உப்புமா உபயம். அங்கே அப்பா காத்திருக்கிறார். பார்த்து மூன்று வருஷமாகிறது. எனக்கு அவர் "தலைவரே".

15:30. மீதி 640.
திரையில் எண் நின்றுவிட்டது. எஞ்சின் இரைச்சல் நிற்கவில்லை. பக்கத்து சீட் மாமியிடம் விமானம் பஞ்சர் என்று புளுகினேன். சிரித்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்.

16:15. மீதி 640.
ஒலிபெருக்கி: "டொராண்டோவில் தரையிறங்கிவிட்டோம். எங்களுடன் பயணித்தமைக்கு நன்றி."
வெளியே மேகம். கீழேயும் மேகம்தான். யாரும் எழவில்லை. மாமியை உலுக்கினேன். மூச்சு வருகிறது, கண் திறக்கவில்லை. கடைசி வரிசை வரை போனேன். பணிப்பெண்கள் உட்பட எல்லோரும் அப்படியே. விமானி அறைக் கதவைக் கை வலிக்கத் தட்டினேன். கதவு திறக்கவில்லை.

18:05. மீதி 910.
கூடுகிறது. ஐயோ, கூடுகிறது.
வைஃபை மட்டும் உயிரோடு இருக்கிறது. அப்பாவுக்கு அனுப்பினேன்: "தலைவரே, நாங்க இன்னும் இறங்கல. மேலயேதான் இருக்கோம். ஏர்போர்ட்ல யார்கிட்டயாவது சொல்லுங்க!"
பதில்: "ஏய் வாலு, கார்ல பக்கத்துலயே உக்காந்துகிட்டு மெசேஜா? சிக்னல்ல நிக்கிறேன், விளையாடாத."

18:12. மீதி 4,700.
"அது நான் இல்ல. சத்தியமா."
"பாம்பு கடிச்சிருச்சுன்னு வீடியோ கால்ல அழுதப்பவும் சத்தியம்தான் பண்ண."
உண்மை. அது ரப்பர் பாம்பு. இப்போது அழுவது ரப்பர் அழுகை இல்லையே, எப்படிச் சொல்வது?
"அவ கையில போன் இருக்கா பாருங்க தலைவரே! ஒரே ஒரு தடவ பாருங்க!"

18:19. மீதி 9,800.
வந்துவிட்டது பதில்.
"போன் இல்ல. கார்ல ஏறினதுலேர்ந்து ஒரு கடி ஜோக் இல்ல. ஒரு தடவகூட தலைவரேன்னு கூப்பிடல. நான்தான் பொண்ணு திருந்திட்டான்னு நினைச்சேன். பயப்படாத குட்டி. ஓரமா நிறுத்திட்டு இறங்கிடுறேன்."
இறங்குங்கள் அப்பா. சீக்கிரம் இறங்குங்கள்.

18:31. மீதி 13,400.
அப்பா எண்ணிலிருந்து: "அப்பா அயர்ந்து உறங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது. வாகனத்தை நான் ஓட்டுகிறேன். தாங்கள் கவலையின்றிப் பயணியுங்கள்."
எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, தலைவ