கருகிய கிரான்பெரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இடுப்பு வலி குறைந்ததா? டெக்சாஸில் நான் நலம்.

வடக்கே நம் தோட்டத்திலிருந்து நீங்கள் அனுப்பிய கிரான்பெரிப் பழம் நசுங்காமல் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் தேங்க்ஸ்கிவிங் நன்றி நாள் விருந்துக்கு அதில் சாஸும் இஞ்சிச் சட்னியும் செய்வதாகப் பெருமையடித்திருந்தேன். இரண்டையும் அடுப்பில் ஏற்றிவிட்டு, பழத்தைச் சுற்றியிருந்த நம்மூர்ச் செய்தித்தாளைப் படிக்க உட்கார்ந்தேன். மரண அறிவிப்பு, மீன் விலை என்று ஒரு வரி விடவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் கருகியிருந்தன. கடையில் டப்பாவின் வடிவிலேயே கட்டியாக உறைந்திருக்கும் கிரான்பெரி சாஸ் வாங்கி, மசித்து, ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டுக் கொண்டுபோனேன்.

"பெல்மீரா, உங்கப்பா தோட்டத்துப் பழம்னா சும்மாவா!" என்றார் கூட வேலை பார்க்கும் இமெல்டா அக்கா. எல்லோரும் உங்களை வாழ்த்தினார்கள். ஆனால் உறைபனியில் குனிந்து குனிந்து நீங்கள் பறித்த பழம் என் குப்பைக்கூடையில் கிடந்தது.

மறுநாள் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டி. அடியில மசியாத ஒரு துண்டுல டப்பாவோட வரித்தடம் அப்படியே இருந்துச்சே."

"அப்புறம் ஏங்க்கா புகழ்ந்தீங்க?"

"உன் மூஞ்சி அழுதுடற மாதிரி இருந்துச்சு. லீவு போட்டு உங்கப்பாவப் பாத்துட்டு வா."

மன்னியுங்கள் அப்பா. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் பழம் எடுத்து வையுங்கள். அனுப்ப வேண்டாம், நான் வருகிறேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பெல்மீரா