ஓல்ஷனிட்ஸ்கி என்று ஒரு பெயர்

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 1998

அன்புள்ள அப்பா,

இங்கே ஆபீசில் எல்லோரும் என்னை 'மிஸ் நஞ்சப்பன்' என்கிறார்கள். யாரோ உங்களைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

போன கடிதத்தில் எழுதினேனே, என்னோடு வேலை பார்க்கும் ஆடம் ஓல்ஷனிட்ஸ்கி, போலந்து வம்சம். ஓல்ஷா என்பது ஆற்றோரம் வளரும் ஒரு மரமாம். அந்த மரங்கள் நின்ற ஊரின் பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. போரில் ஊர் சிதறிப்போக, இப்போது போலந்திலேயே இரண்டு மூன்று வீடுகளில்தான் அந்தப் பெயர் இருக்கிறதாம். நியூ ஜெர்சியில் இவர் ஒருவர்தான். டெலிபோன் புத்தகங்களை நானும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

"ஏண்டி, ஆபீஸ்ல வேலை பாக்குறியா, அவன் வம்சாவளி பாக்குறியா?" என்று என்னோடு தங்கியிருக்கும் ஆஸிபா கிண்டல் செய்கிறாள்.

நம் வழக்கத்தை நேற்று அவரிடம் சொன்னேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் சொந்தப் பெயர்தான் பிள்ளைகளுக்கு வரும் என்றேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நம்ம பிள்ளைங்களுக்கு ஓல்ஷனிட்ஸ்கி வராதா?" என்றார்.

உங்களைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். காத்திருப்பதாகச் சொன்னார்.

இதை இப்போதைக்கு அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் பதிலுக்காக,
உங்கள் மகள்