வெறும் வயித்தோட போட்ட ஊசி

ஏட்டி சின்னக்குட்டி, நீயும் பிள்ளைகளும் சுகமா? அக்கா தாராவியில சுகமாத்தான் இருக்கேன். ஃபோன்ல சொன்னா வச்சிருதே, அதான் எழுதுதேன்.

நேத்து ஃப்ளூ ஊசி போடப் போனேன். ஆஸ்பத்திரின்னாலே சுகர் டெஸ்ட்டுன்னு பழகிப்போச்சுல்லா, ஒண்ணும் திங்காமப் போயி வரிசையில மயங்கிட்டேன். பயப்படாத. "உன்னை யாரு பட்டினியா வரச் சொன்னா?"ன்னு நர்ஸ் இந்தியில ஏசிக்கிட்டே பிஸ்கட் தந்து, அப்புறம் ஊசி போட்டா.

உனக்கும் சுகர்தான. நீயும் இந்த ஊசியப் போடுட்டின்னா, "தினம் இன்சுலின் போடுதேனே, அது போதாதா?"ங்குதே. அது சுகருக்கு, இது காய்ச்சலுக்குட்டி! உன் அத்தானும் உன்னை மாதிரியேதான், இன்சுலினே போதும்னு சொன்னாரு. போன மழையில அந்தக் காய்ச்சல்லதான் போயிட்டாரு. நாளைக்கே போ, வயிறாரத் தின்னுட்டுப் போ.

சுண்டவத்தல் அனுப்பு. ஒருத்திக்குத்தான், கொஞ்சம் போதும். வேலைக்கு நேரமாச்சு.

தினமும் தன் வயித்துல தானே ஊசி குத்திக்கிட்ட மனுசன், இந்த ஒரு ஊசிக்கு மட்டும் எதுக்குட்டி அப்படி வீம்பு பிடிச்சாரு?