சம்பந்தி முடுக்கிய நட்டு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். லீவு. மகள் ஷாலினியின் மோட்டார் சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டுபோகும் வேலை. பின் பிரேக் கீச்சென்று கத்துகிறது, செயினும் தொளதொள.

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே, இங்கே பாயான் பாருவில், ஒரு சீனர் கடை இருக்கிறது. அரை மணி நேர வேலை. ஆனால் போக முடியாது. ஷா.வுக்கும் தினேஷுக்கும் நிச்சயம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு மோட்டார் சம்பந்தி கடையைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது. அவர் கடை மாக் மண்டினில். ஒரு பிரேக்குக்காகப் பாலம் ஏறிக் கடல் தாண்டுகிறவன் பினாங்கிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

கடையில் இரண்டு வேலையாட்கள் சும்மா நிற்கிறார்கள். சம்பந்தியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மருமக ஓட்டுற வண்டி. இவனுங்க கை வைக்கக் கூடாது." சம்பந்தியம்மா வடை, தேத்தண்ணி. காசுப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

முடிந்ததும் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை மிதித்து, நட்டுகளைத் தொட்டு. ஃபேக்டரியில் என் பிழைப்பே அதுதான், அடுத்தவன் செய்து முடித்ததைச் சரிபார்ப்பது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் நின்று கையசைக்கிறார்கள். பெண் கொடுக்கப் போகிறவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அப்பா முடுக்கிய நட்டைத் திருகிப் பார்ப்பதா? இளித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாலத்தின் நடுவில் பின்பக்கம் ஆடியது. காற்று என்று நினைத்தேன். ஜெலுத்தோங் பக்கம் இறங்கிய பிறகும் ஆடியது.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். ஷா. ஜார்ஜ்டவுன் கிளினிக்குக் கிளம்பும் முன் கீழே போய்ப் பார்த்தேன். பின்சக்கர நட்டு விரலால் திருப்பினாலே சுற்றுகிறது. நேற்று இதில்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் பையைத் தேடினால், காணோம். கடையில் எடுத்து வைத்தவர் திரும்பப் போட மறந்திருக்கிறார். போன் செய்து கேட்கலாம். எதற்கு இப்போது ஸ்பேனர் என்று கேட்டால்?

பக்கத்து வீட்டு ரோஸ்லி அவருடைய ஸ்பேனரோடு இறங்கி வந்தார். முடுக்கிவிட்டு, எந்த பெங்கெல் (வொர்க்‌ஷாப்) இப்படிச் செய்தது என்று மலாயில் கேட்டார். தூரத்தில் ஒரு ஆள் என்றேன். இனிமேல் அங்கே போகாதே என்றார். பெரிதாகத் தலையாட்டினேன்.

ஷா. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

பெண்டாட்டி சரோவிடம் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டே:

"தை மாசம் கல்யாணம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

"புள்ள விழுந்தா?"

"நீங்கதான் செக் பண்ற ஆளாச்சே. வீட்டுக்கு வந்தப்புறம் நல்லா பாத்துக்குங்க லா."

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பாலம் இருக்கிறதே. அதைச் சொன்னால் சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டுகிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

ஹார்ட்வேர் கடை. வாங்கியவை: ஸ்பேனர் மூன்று, பிளையர், திருப்புளி, கறுப்பு டேப், கையுறை. எல்லாவற்றையும் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு ஒரு யோசனை. சம்பந்தி சீட்டைத் திறந்தால் புதுச் சாமான்களைப் பார்ப்பாரே. எடுத்து என் மழைக்கோட்டுக்குள் சுற்றி, தோள்பைக்குள் திணித்தேன். திருட்டுச் சாமான் மாதிரி. சொந்த மகள் வண்டிக்கு ஸ்பேனர் வாங்கியதை ஒளித்து வைக்கிற நிலைமை.

மாலையில் அவரே கூப்பிட்டார். "சம்பந்தி, பின் டயரு தேஞ்சிருக்கு. தீபாவளிக்கு முன்ன மாத்திடுவோம். ஞாயித்துக்கிழம கொண்டாங்க."

ஓவர்டைம் என்றேன். முறுக்கு வேலை என்றேன்.

"அப்ப மருமகள அனுப்பி வைங்க."

"இல்ல இல்ல, நானே வர்றேன்."

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

மேகமூட்டம், புழுக்கம். மாக் மண்டின்.

இந்தத் தடவை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார். மரையை விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறார். ஒரு வாஷர் கீழே விழுந்தது. அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அவர் உள்ளங்கையால் தரையைத் துழாவுகிறார். எடுத்துக் கொடுக்கலாமா? கொடுத்தால் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். காலண்டரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேலையாட்கள் இருவரும் அதையேதான் செய்தார்கள்.

பிறை டவுனில், பாலம் ஏறுவதற்கு முன் இருக்கும் பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தினேன். மழைக்கோட்டை விரித்துச் சாமான்களை எடுத்தேன். பின்சக்கரத்தில் ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தளர்வு. பிரேக் கம்பியின் நட்டு கடைசி மரையில் தொங்குகிறது. முடுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு மோட்டார் வந்து நின்றது. தினேஷ். அவன் கையிலும் ஸ்பேனர்.

"மாமா, நானும் இதுக்குத்தான் வந்தேன்."

இருவரும் குந்தி உட்கார்ந்தோம். அவன்தான் பேசினான். அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டதாம். மற்ற வண்டிகளை வேலையாட்களே பார்த்துவிடுகிறார்கள். வேண்டியவர்கள் வண்டி வந்தால் மட்டும் யாரையும் தொட விடுவதில்லை.

"உங்க வண்டின்னா ரொம்ப மோசம் மாமா. மரியாதையாம்."

"டாக்டர்கிட்ட?"

"கூட்டிட்டுப் போறேன்னா சண்டைக்கு வர்றாரு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா கடைய மூடிட்டு மூலையில உக்காந்துடுவாரு. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. நான் பின்னாடியே வந்து முடுக்கிடுறேன்."

சரி என்றேன். நல்ல பையன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எனக்கே என்னைப் பார்க்கவும். ஒரு மனிதர் ஆசையாகச் செய்து தருகிறார், இரண்டு ஆம்பிளைகள் பெட்ரோல் ஸ்டேஷனில் உட்கார்ந்து அதை அழித்து எழுதுகிறோம்.

ஷா.விடம் டயர் மாற்றியாச்சு என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. ஃபேக்டரி பஸ் லேட். நெய் வாங்க வேண்டும். ஷா.வின் ஜாக்கெட் கை இறுக்கமாம், தைக்கிற இடத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

தினேஷ் மெசேஜ்: கம்பெனி வேலையாக ஈப்போ போகிறான், வெள்ளிக்கிழமை வருவான். 'வண்டி எதுவும் அப்பாகிட்ட போகாம பாத்துக்குங்க மாமா.' பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். எந்தச் சாக்கை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

மத்தியானத்திலிருந்து மழை கொட்டுகிறது.

வேலையிடத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும். டீ பிரேக்கில் எடுத்தால் சரோவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். திரும்ப அடித்தேன். சம்பந்தி நேராக ஷா.வுக்கே போன் போட்டிருக்கிறார். முன் பிரேக்கையும் பார்த்துவிடலாம், வா என்று. ஷா.வுக்கு அரை நாள் லீவு, போய்விட்டாள்.

"நீ ஏன் விட்ட?"

"என்னன்னு சொல்லி நிறுத்துறது? நீங்கதான் சொல்லுங்களேன்."

ஷா. போனை எடுக்கவில்லை. தினேஷ் எடுக்கவில்லை. சம்பந்திக்கு அடிக்கப் பெயரைக்கூடத் தட்டிவிட்டேன், மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். அடித்து என்ன கேட்பேன்? சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கார் பார்க்கில், ஸ்பேனர் வைத்த தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். முருகா முருகா என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

வந்தாள். நனைந்து போய், கையெல்லாம் கிரீஸ். நான் ஓடிப்போய் முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"விடுங்கப்பா. நான் அங்கேயே பாத்துட்டேன்."

"எங்க?"

"கடையில. கிளம்புறதுக்கு முன்ன."

"யாரு முன்னாடி?"

"மாமா முன்னாடிதான். நட்டு லூசா இருந்துச்சு. ஸ்பேனர் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாரு. முடுக்கிட்டேன்."

இவ்வளவுதான். என்னால் முடியாமல் போனது இவ்வளவுதான்.

"என்ன சொன்னாரு?"

"'உங்கப்பாவும் இப்படித்தான் பாப்பாரா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ரோஸ்லி அங்கிள் வந்து முடுக்குன கதையையும் சொல்லிட்டேன். சிரிப்பாருன்னு நெனச்சேன்."

மேலே வந்து சட்டைகூட மாற்றவில்லை, போன் அடித்தது. சம்பந்தி. சரோ கையைப் பிசைந்துகொண்டு எதிரே நிற்கிறாள்.

"சம்பந்தி, போன வாரமும் லூசாதான் இருந்துச்சா?"

ஆமாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழம?"

அதுவும் ஆமாம்.

"தினேஷுக்குத் தெரியுமா?"

"தினேஷா..." என்று இழுத்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அந்தப் பக்கம் கடையில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சும் அந்தப் புள்ளய அந்த வண்டியில பாலத்துல விட்டீங்களே."

"இல்ல சம்பந்தி, ஒரு மரியாதைக்கு..."

"கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க," என்றார். போனை வைத்துவிட்டார்.