அறுபத்திரண்டு பேருக்கு ஒரே கடிதம்

அக்டோபர் 9, வியாழன்

கார்த்திகை தீபத்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டேன். வழக்கமாக வந்து தங்கும் அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே அழுத்தில். செங்கம் சாலையில் அறை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். சொந்தப் பெயரில் மெயில் முகவரி யாருக்கு இருக்கிறது? ‘ஆதிலட்சுமி இல்லம்’ என்றே முடிகிறது! பேத்தி பூஜா கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்தாள். பழைய ஜிமெயில் இனி எதற்கு? ஐந்தாவது படித்தவள் நான். வாயால் சொல்லச் சொல்ல ஃபோனே எழுதிக்கொள்கிறது.

அக்டோபர் 15

ஒரு பதிலும் இல்லை.

அக்டோபர் 24

அருணாதேவி டீச்சர்கூட எழுதவில்லை. ஏழு வருடமாகச் சேலத்திலிருந்து வந்து மாடி அறையில் ஒரு மாதம் இருப்பவர். அந்த ஒரு மாதம்தான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம். ஃபோன் போட்டுக் கேட்கலாம். கேட்டு? வாங்கன்னு கெஞ்சணுமா நான்? பத்திரிகை வெச்சா வரேன், வரலைனு ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களா?

நவம்பர் 3

மாடி அறையை ஒருவர் வந்து கேட்டார். ஆள் வருகிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

யார் வருகிறார்?

நவம்பர் 13

பூஜா கூப்பிட்டாள். “பாட்டி, உன் லிஸ்ட்ல என் பேரும் சேந்துடுச்சு போல, உன் மெயில் என் ஸ்பேம்ல கெடக்குது. இப்பதான் பாத்தேன். என்னையும் ரூம் எடுக்கச் சொல்றியா?”

ஸ்பேம் என்றால் வேண்டாத கடிதத்தை ஒதுக்கும் இடமாம். என் பேரு குப்பையிலயா?

நவம்பர் 14

வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் த்ரிசலாவிடம் போனேன்.

“புது முகவரி. எடுத்ததுமே அறுபத்திரண்டு பேருக்கு எழுத்து மாறாம ஒரே கடுதாசி. யாரு பாட்டி நம்புவாங்க?”

“பத்திரிகையை ஆளுக்கொரு மாதிரியா அடிப்பாங்க?”

சிரித்துவிட்டாள். “உங்க பேர்ல எந்த வழியா மெயில் வரும்னு டொமைன்ல, அதான் நீங்க வாங்கின முகவரியில, எழுதியே வெக்கலை. யார் வேணா உங்க பேரைச் சொல்லிட்டு வரலாம். அதான் ஒதுக்கிடறாங்க.”

அதை எழுதி, என் கடிதம்தான் என்று காட்ட ஒரு மறைவான கையெழுத்தும் சேர்த்தாள். “இனிமே ஒவ்வொருத்தருக்கா, பேர் போட்டு எழுதுங்க.”

நவம்பர் 15

டீச்சருக்கு மட்டும் எழுதினேன். வாய்க்குள்ளேயே சொன்னேன் போல, ஃபோனுக்கு என் பேச்சு புரியவில்லை. மூன்று தடவை சொன்னேன்.

நவம்பர் 16

பதில் வந்துவிட்டது.

“ஆதிம்மா, இந்த வருஷம் நீங்க கூப்பிடலையேனு நெனச்சேன். நானா கேட்டு வர்றது நல்லா இருக்காதுனு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜுல ரூம் போட்டுட்டேன்.”

ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நான் கேட்டேனா?

டிசம்பர் 3, தீபம்

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. யாரோ என்று எட்டிப் பார்த்தேன். டீச்சர். கையில் பூவும் பழமும். மாடியில் நின்று இருவரும் தீபம் பார்த்தோம். நிறையப் பேசினோம். ஏழரைக்கு, அவர் லாட்ஜுக்குத் திரும்ப ஆட்டோ வந்துவிட்டது.

ஏழு வருடத்தில் அவர் இந்த வீட்டில் பெல் அடித்ததே இல்லை.