பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று

டிசம்பர் 1

ஆசிரியர் அறையில் இன்று தொடங்கிவிட்டது. துறைத்தலைவர், அதாவது என்னைவிட இளையவர், நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து காப்பி ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார். "டிசம்பர் வந்தாச்சு சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரிப்பதற்கும் சுற்றறிக்கை அனுப்புவார்கள் போல.

முதல் வரியிலேயே மணி அடிக்கும் பாட்டுகள் எனக்கு ஆகாது. குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கத்தவிடுவது அதைவிட மோசம். வானிலை அறிக்கை மாதிரிப் பனியைப் பற்றியே பாடுகிறார்களே, இவர்களில் ஒருவராவது வாசலில் குவிந்த பனியை வாரிக் கொட்டியிருப்பாரா? வேதியியல் விடைத்தாள் திருத்திக்கொண்டே இதையெல்லாம் கேட்டால் யாருக்குமே மதிப்பெண் போட மனம் வராது. வரவில்லை.

மாலையில் குடும்ப குரூப்பில் அத்தான்: "பிளேலிஸ்ட் திறந்தாச்சு. ஆளுக்கு ரெண்டு பாட்டு. ஏமாத்துறவங்க பல்லு என் கையில." அவர் பல் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து இதே ஜோக்.

எங்கள் வீட்டு விளையாட்டு இது. ஒவ்வொருவரும் மிகவும் பிடித்த பாட்டு ஒன்று, கேட்டாலே ஆகாத பாட்டு ஒன்று கொடுக்க வேண்டும். எது எது என்று சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கலந்து ஓடவிட்டு, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா வைத்த விதி ஒன்று உண்டு: எவ்வளவு கொடுமையான பாட்டாக இருந்தாலும் முடியும்வரை யாரும் மேசையைவிட்டு எழக் கூடாது. கேசட்டில் தொடங்கியது, இப்போது போனில் நடக்கிறது. யார் எதைச் சேர்த்தார் என்று போன் காட்டிவிடும். பட்டியலிலிருந்து எடுத்தவர் யார் என்று காட்டாது.

இந்த வருடம் தம்பி வருகிறானாம். அம்மா போன பிறகு முதல் தடவையாக. அக்கா திரைச்சீலை எல்லாம் மாற்றுகிறாள்.

டிசம்பர் 3

என் இரண்டையும் போட்டேன். பிறகு மற்றவர்களுடையதைப் பார்த்தேன். அத்தானுடையதில் ஒன்று, ஒரு ஆள் பாட்டு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பது. அக்கா வழக்கம்போல இரண்டும் பாடகர் குழு.

தம்பி போட்டிருப்பதில் ஒன்று டிரம்மும் மணியுமாக ஒரே அடிதடி. அதுதான் பிடிக்காததாக இருக்கும், அது யாருக்குத்தான் பிடிக்கும்? இன்னொன்று அந்த மேய்ப்பன் பாட்டு. எல்லோரும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு மேய்ப்பன் வந்து சேர்கிறான். தொழுவம் காலி. வைக்கோலில் சூடு மட்டும் இருக்கிறது.

என்ன துணிச்சல்! அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டேன்! "இந்த வாரம் வேலை நெருக்கடி, அடுத்த வாரம் வந்துடறேன்" என்றான். வந்தான், அடக்கம் முடிந்து மறுநாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் நான். கடைசி இரண்டு நாள் அம்மா என்னைக் கூப்பிட்டது அவன் பேரைச் சொல்லி. "வந்துட்டியா?" என்று என் கையைப் பிடித்தாள். நான் "வந்துட்டேம்மா" என்றேன், அவனாக.

இப்போது தாமதமாக வந்த மேய்ப்பனைத் தனக்குப் பிடித்த பாட்டு என்று மேசையில் கொண்டுவந்து வைக்கிறான். நாங்கள் எல்லோரும் கண் கலங்க வேண்டுமாக்கும்.

டிசம்பர் 4

எடுத்துவிட்டேன். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

டிசம்பர் 6

மறுபடி போட்டிருந்தான். மறுபடி எடுத்தேன். காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஆள் செய்கிற வேலையா? இல்லைதான். ஆனால் அவன் செய்தது மட்டும்?

டிசம்பர் 9

குரூப்பில் தம்பி எழுதியிருக்கிறான்: "என் பாட்டு ரெண்டு தடவை காணாமப் போயிருக்கு. பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க." அதன் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. நானும்தான்.

மதியம் அக்கா போன் செய்தாள். "பெரியவனே, உனக்கு ஏதாவது தெரியுமா? என் பொண்ணு இல்லைங்கறா. நான் அதைத் தொடவே இல்ல. இவரு கிளினிக்ல நாள் பூரா அந்த லிஸ்ட்டைத்தான் ஓடவிடறாரு, ஏதாவது அமுக்கித் தொலைச்சாரா தெரியல."

"எனக்கென்ன தெரியும்? எனக்குப் போன்ல அதெல்லாம் பழக்கமில்ல" என்றேன்.

முனைவர் பட்டம் வாங்கிய வாய்.

டிசம்பர் 11

நேற்று கடைவாய்ப் பல்லின் கேப் கழன்று வந்துவிட்டது. வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். வழக்கத்தை மாற்றினால் சந்தேகம் வரும் என்று அத்தானிடமே போனேன். குற்றவாளி எப்படியெல்லாம் யோசிக்கிறான் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார். மேலே விளக்கு, வாய்க்குள் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய். பின்னால் அதே பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கிற ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைக் கேட்டா பேஷண்ட்டுக்கு வலி தெரியறதில்லப்பா" என்றார். "எரிச்சல்ல வலி மறந்துடுது."

பிறகு பல்லைச் சுரண்டிக்கொண்டே, குரலை இறக்கிச் சொன்னார்: "உங்க அக்கா வீட்டையே ரெண்டு பண்ணிட்டா. பொண்ணோட சண்டை. அப்புறம் போன்ல ஒவ்வொருத்தரையா விசாரிக்க ஆரம்பிச்சா. இது எங்க போய் முடியும்? அதான், நான்தான் கை தவறி எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். சின்னவன் என்னைத் தப்பா நினைக்க மாட்டான். நல்லா திற… இன்னும் கொஞ்சம்."

நான் "ஆ" என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வாயில் பஞ்சு இருந்தது என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். பஞ்சை எடுத்த பிறகு? வாய் கொப்பளித்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டேன். "தேங்க்ஸ் அத்தான்" என்றேன். தற்காலிக கேப் வைத்திருக்கிறார், கடினமானதைக் கடிக்கக் கூடாது என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

டிசம்பர் 13

தம்பி வரவில்லையாம். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டான்.

அக்கா போனில் அழுதாள். அவன் அவளிடம் கேட்டானாம், "ரெண்டு தடவை கை தவறுமாக்கா?" என்று. அத்தான் வேண்டுமென்றே எடுத்தார் என்று நினைத்துக்கொண்டான். அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள் அவன் வந்து இறங்கியபோது ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு நேரே கல்லறைக்கு அழைத்துப் போனது அத்தான்தான். நான் அவனுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை. இத்தனை நாளும் அவனோடு பேசிக்கொண்டிருந்ததும் அத்தான் ஒருவர்தான். "அத்தானே என்னைக் குத்திக் காட்டறாருன்னா நான் எந்த முகத்தோட வர்றது?" என்று சொன்னானாம்.

அக்கா இப்போது அத்தானோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாளாம். அவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் என்ற கேள்வி மறுபடி வரும் அல்லவா? அவருக்கு யார் என்று தெரியுமோ?

டிசம்பர் 14

மேய்ப்பன் பாட்டைத் தேடி எடுத்து, சேர்க்கும் இடம்வரை போனேன். சேர்த்தால் என் பெயர் வரும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

டிசம்பர் 16

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "உடைச்சது யாருன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல" என்று குடுவை உடைந்ததற்கு ஒரு பிரசங்கம் வேறு. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே நாக்கு கூசியது. அந்தப் பெண் உடனே கையைத் தூக்கினாள். "நான்தான் சார்."

ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் துறைத்தலைவர் பாட்டை நிறுத்திவிட்டு, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

டிசம்பர் 18

தம்பிக்குப் போன் செய்தேன். வகுப்புகளுக்கு நடுவில், படிக்கட்டு அடியில் நின்றுகொண்டு.

"ஹலோ, யாரு?"

என் எண்ணை அவன் போனில் பதிந்து வைக்கவில்லை. வைத்திருப்பான் என்று எதற்கு நினைத்தேன்?

"நான்தான். பெரியவன்."

"சொல்லு."

"அந்தப் பாட்டை எடுத்தது அத்தான் இல்ல. நான்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவன் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். "அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா?"

"அத்தான்னு நினைச்சு எனக்குச் சோறே இறங்கல. நீன்னா சரி. நீ செய்யலன்னாதான் ஆச்சரியம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான். மழைக்காலத்தில் மழை பெய்யும் என்கிற மாதிரி சொன்னான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். வாயில் வந்தது வேறு. "அந்தப் பாட்டு உனக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்றேன்.

"பிடிக்குமா? யார் சொன்னா?" நிஜமாகவே புரியாமல் கேட்டான். "அதுதாண்ணா எனக்குப் பிடிக்காதது. அம்மா போனதுலேர்ந்து அதை ஒரு தடவைகூட முழுசா கேக்க முடியல. கடையில போட்டா பாதி சாமானை விட்டுட்டு வெளிய வந்துடறேன். உங்ககூட உக்காந்து கேட்டா நடுவுல எழுந்திரிக்க முடியாதுல்ல. அதுக்குத்தான் போட்டேன்."

படிக்கட்டில் மாணவர்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"அப்போ அந்த டிரம் பாட்டு?"

"அதுதான் பிடிச்சது. செமயா இருக்கும்ல?"

சிரித்தேனா என்று தெரியவில்லை. ஏதோ சத்தம் வந்தது என்னிடமிருந்து.

"வாடா" என்றேன்.

"வரேன். பஸ்ல நின்னுக்கிட்டாவது வரேன். ஆனா அக்காகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

வைத்த பிறகுதான் கவனித்தேன், மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

டிசம்பர் 20

அக்காவிடம் சொன்னேன். மேசை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அவரு முகத்தைப் பாத்து ஒரு வாரமா நான் பேசல, பெரியவனே" என்றாள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதானே சும்மா இருந்த."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தான் அங்கேதான் இருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, அவர் இருமுவது மட்டும் கேட்டது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அந்த வீட்டிலிருந்து "சாப்பிட்டுட்டுப் போ" என்ற குரல் வராமல் நான் படி இறங்கியது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 25

வந்திருந்தான். முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடுடா, எலும்பு முறிஞ்சா அதுக்கு வேற டாக்டர்" என்றார் அத்தான். என்னிடம் வந்து, "இளைச்சுட்ட" என்றான். "நீயும்தான்" என்றேன். பொய். நன்றாக ஊதியிருக்கிறான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அக்கா மகள் பட்டியலை ஓடவிட்டாள். முதலில் சிரிக்கிற ஆள். அதற்குப் பிறகு அக்காவின் பாடகர் குழு. நடுவில் என்னுடையவை இரண்டும் வந்தன. எது எனக்குப் பிடித்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "மாமா, உங்களுக்குப் பிடிச்சதுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?" என்றாள் அக்கா மகள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு மேய்ப்பன் பாட்டு. அக்காதான் அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறாள்.

தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். முதல் சரணத்திலேயே கன்னம் ஆட ஆரம்பித்தது. என்னால் முடியவில்லை. "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று நாற்காலியைத் தள்ளினேன்.

"உக்காருண்ணா" என்றான். தலை நிமிரவில்லை.

"இல்ல, தண்ணி…"

"பாட்டு முடியட்டும்."

உட்கார்ந்தேன். அந்த வைக்கோல் வரி வந்தபோது வாய்விட்டு அழுதான், சின்ன வயதில் அழுத மாதிரியே, மூக்கால். அத்தான் அவன் முதுகில் கை வைத்தார். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தக் கை எட்டும். நீட்டவில்லை. எந்த உரிமையில் நீட்டுவது?

முடிந்தது. விளையாட்டு விளையாட்டுதான் என்று அக்கா மகள் மெதுவாகக் கேட்டாள், "இது சின்ன மாமாவுக்குப் பிடிச்சதா, பிடிக்காததா?"

"பிடிக்காதது" என்றாள் அக்கா.

"பிடிக்காதது" என்றார் அத்தான், அதே மூச்சில்.

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றாள் அந்தப் பெண். அவள் அவனைப் பார்த்தே மூன்று வருடம் ஆகிறது.

யாரும் யோசிக்கக்கூட இல்லை. அவன் பெயரோடு அந்தப் பாட்டைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தப்பாகப் புரிந்துகொண்டது நான் ஒருவன்தான். கூடப் பிறந்தவன், பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவன்.

டிசம்பர் 26

அவனைப் பஸ் ஏற்றிவிட அத்தானும் நானும் போயிருந்தோம். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் போய், "மன்னிச்சுடு" என்றேன். இன்ஜின் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. கையை ஆட்டினான். அது எனக்கா, அத்தானுக்கா?

திரும்பி வரும்போது அத்தான், "திங்கக்கிழமை வந்துடு, அந்தத் தற்காலிக கேப்பை ரொம்ப நாள் விடக் கூடாது" என்றார்.

டிசம்பர் 29

இன்று பட்டியலைத் திறந்தேன். எனக்கு இனி அதில் எதையும் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. பாட்டைக் கேட்க மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். செய்தது அக்காவோ, அத்தானோ. நான் யாரையும் விசாரிக்கப்போவதில்லை.

மேய்ப்பன் பாட்டைப் போட்டேன். முடியும்வரை எழவில்லை.