ஓட்டியது நான்தான்

தோட்டத்து வீடு,
ஞாயிறு, காலை டீ குடித்த கையோடு.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து குளிர்பெட்டிக் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி விட மறக்காதீர்கள்.

என்ன திடீரென்று கடிதம் என்று பார்க்கிறீர்களா? இங்கே கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட எழுவதில்லை. நம் மகன் மொட்டை மாடியில் ஏறி நின்று கையை உயர்த்திப் பார்த்தான், கிணற்று மேட்டில் ஏறிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. மருமகள்தான், "விடுங்க, ரெண்டு வாரம் யாரும் பல்வலின்னு என்னைக் கூப்பிட முடியாது" என்று கைப்பேசியை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். பல் டாக்டருக்கு அதுதானே விடுமுறை! பால் வண்டிக்காரர் தினமும் டவுனுக்குப் போகிறார். "குடுங்கம்மா, நான் போட்டுடறேன்" என்றார். கல்யாணமான புதிதில், நீங்கள் சரக்கு ஏற்றிப் போகிற ஊருக்கெல்லாம் லாரி ஆபீஸ் விலாசம் போட்டு எழுதுவேனே, அதற்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற கடிதம் இதுதான். பேனா பிடித்த விரல் அதற்குள் வலிக்கிறது.

இந்த இடத்தை எப்படிச் சொல்வேன்! வீட்டைச் சுற்றி ஆரஞ்சுத் தோட்டம். ஜன்னலைத் திறந்தால் பழ வாசனை கட்டில் வரைக்கும் வருகிறது. வீடு ஒன்றும் பெரிதில்லை. மூன்று அறை, ஒரு சமையலறை. நடந்தால் மரத்தரை முனகுகிறது, குளியலறைக் கதவு சாத்த மறுக்கிறது, யாராவது உள்ளே போனால் பாட்டுப் பாட வேண்டும். நம் மகன் பாடினால் குருவியெல்லாம் பறந்துவிடுகிறது. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் தெருவில் ஹாரன் சத்தம் இல்லாமல் நான் என்றைக்குத் தூங்கியிருக்கிறேன்?

தோட்டத்துச் சொந்தக்காரி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். தனி ஆள். ஏணியிலிருந்து விழுந்து ஒரு கையில் மாவுக்கட்டு. ஆனால் வாய் மட்டும் ஓயாது. வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஏன் வரலை?" என்று கேட்டார். "கார்ல போனா அவருக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவைத்தேன். நாற்பது வருஷம் லாரி ஓட்டிய ஆளுக்குக் காரில் தலை சுற்றுமா என்று கேட்டால் என்ன சொல்வது என்பதால், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லவில்லை.

நீங்கள் வர மறுத்ததை மகன் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது மட்டும், "அப்பாவுக்கு நான் ஓட்டுறது பிடிக்கலையாம்மா?" என்று கேட்டான். அதெல்லாம் இல்லை என்றேன். முன் சீட்டில் உங்களுக்கென்று புது உறை போட்டிருந்தான். அதில் என்னுடைய பைதான் உட்கார்ந்து வந்தது.

சரி, பால் வண்டி வந்துவிட்டது. பகலெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். கொஞ்சம் வெளியே போய் வாருங்கள்.

உங்கள் நலமே நினைக்கும்,
உங்கள் மனைவி.


தோட்டத்து வீடு,
புதன், மழை விட்ட பிறகு.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்தாயிற்றா?

நான் வண்டி ஓட்டினேன்.

ஆமாம், நான்தான். கார் இல்லை, குட்டி லாரி. பின்னால் திறந்த பெட்டி, முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடம், நீளமான கியர் கம்பி, கிளட்ச், பிரேக், எல்லாம் இருக்கிற நிஜ வண்டி. ஸ்டீயரிங் பிடித்த கை இன்னும் பேனாவுக்குப் பழகவில்லை. எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அதனால்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நேற்று காலை பழம் பறிக்கிறவர்கள் வந்து பறித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்துவிட்டு மத்தியானம் போய்விட்டார்கள். அடுக்கியது எங்கே தெரியுமா? தோட்டத்தின் கோடியில், வாய்க்கால் ஓரமாக இருக்கிற பள்ளத்தில். சாயங்காலம் டவுனிலிருந்து வாடகை டிரைவர் வந்து மேட்டில் இருக்கிற கொட்டகைக்கு ஏற்றிப் போவதாக ஏற்பாடு. நம் மகன் காஸ் சிலிண்டர் மாற்றுவதற்காகக் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். வீட்டில் நானும் மருமகளும்தான். திடீரென்று வானம் கறுத்தது பாருங்கள், பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது.

தோட்டக்காரி மாவுக்கட்டுக் கையோடு ஓடி வந்தார். மழை வலுத்தால் வாய்க்கால் வழிந்து பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடுமாம். இந்தப் பறிப்புப் பழம் முழுக்க அங்கேதான் இருந்தது. "அக்கா, உங்க வீட்டுல யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு சைக்கிளே தகராறு.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா எப்படி ஓட்டணும்னு தெரியும்" என்றேன்.

பொய் இல்லையே! எந்தக் கால் எதை அழுத்துகிறது, இஞ்சின் எப்படி முனகினால் கியர் மாற்ற வேண்டும், மேட்டில் எப்போது குறைக்க வேண்டும், எல்லாம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதானே? தோட்டக்காரி ஒரு நொடி யோசித்தார். "சரி வாங்க, கியரை நான் பார்த்துக்கறேன், மத்ததெல்லாம் நீங்க" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு டிரைவர்! அவர் கையால் கியர் போட, நான் கிளட்ச் அழுத்த, "இப்ப அழுத்துங்க! இப்ப விடுங்க! மெதுவா, மெதுவா!" என்று ஒரே கூச்சல்.

முதல் தடவை வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வண்டி நகர்ந்தது. ஐயோ, அந்த நிமிஷத்தை என்னவென்று சொல்வேன்! கீழே தரை ஓடுகிறது, பக்கத்தில் மரங்கள் பின்னால் போகின்றன, அத்தனையும் என் காலுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. இத்தனை வருஷம் இந்த சந்தோஷத்தை நீங்கள் மட்டும் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்களே!

மருமகளைப் பார்க்க வேண்டுமே. கையில் சேறு பட்டால் முகம் சுளிக்கிற பெண், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டி பெட்டியாகத் தூக்கி ஏற்றினாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினாள், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. "அத்தை, வலது பக்கம்! அத்தை, மரம்! அத்தை, மரம்!" என்று கத்தினாள். மரம் எனக்கும் தெரிந்தது. அது விலகாதே, நான்தானே விலக வேண்டும்? விலகினேன்.

எத்தனை நடை போனோம் என்று எண்ணவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கடைசி நடை போகும்போது சக்கரம் சேற்றில் வழுக்கியது. பயந்து பிரேக்கை மிதிக்கத்தான் தோன்றியது. ஆனால் வழுக்கும்போது நீங்கள் பிரேக்கைத் தொட மாட்டீர்கள், அது ஞாபகம் வந்தது. தொடவில்லை. வண்டி தானாகவே நேராகி மேட்டில் ஏறிவிட்டது. எல்லாப் பெட்டியும் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஒன்றுகூட நனையவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றுகூட வாய்க்காலில் போகவில்லை.

இனி ஒரு விஷயம். கோபப்படக் கூடாது. கொட்டகைக்குள் நுழைந்த சந்தோஷத்தில் எந்தக் கால் எங்கே என்று மறந்துவிட்டது. காலிப் பெட்டிக் குவியலில் போய் மோதி நிறுத்தினேன். முன் விளக்கு ஒன்று போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தோட்டக்காரி இறங்கி அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நனைந்த துணியோடு, உடைந்த பெட்டிகளுக்கு நடுவில், ஆளுக்கொரு ஆரஞ்சை உரித்துத் தின்றோம். அப்போதுதான் நம் மகன் சிலிண்டரோடு வந்து சேர்ந்தான். "யாரு ஓட்டினது?" என்று கேட்டான். மருமகள் என்னைக் கை காட்டினாள். "அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றான். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

மூட்டு வலிக்கிறது, தோள் வலிக்கிறது, எங்கெல்லாம் வலிக்க முடியுமோ அங்கெல்லாம் வலிக்கிறது. இப்படிப் பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது!

பதில் போடுங்கள். திட்டுவதென்றாலும் எழுதித் திட்டுங்கள்.

இப்படிக்கு,
டிரைவர் வீட்டு டிரைவர்.


தோட்டத்து வீடு,
திங்கள், மத்தியானம்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பால் வண்டியோடு காலையில் வந்தது. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. என் மூட்டைப் பற்றி ஒரு விசாரிப்பு இல்லை. முதல் வரியே, "கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டாதே, தகடு தேய்ந்துவிடும்". அடுத்த வரி, எந்தப் பக்கத்து விளக்கு உடைந்தது என்று. அதற்குப் பிறகு சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டும், கண்ணாடியை எப்படித் திருப்ப வேண்டும், ஈரத்தரையில் இரண்டாவது கியரிலேயே எடுக்க வேண்டும் என்று நாலு பக்கம்! மேட்டில் நிறுத்தி எடுப்பதற்குப் படம் வேறு போட்டிருக்கிறீர்கள். அது கால் என்று கீழே எழுதியிருப்பதால் கால் என்று தெரிந்துகொண்டேன்.

நான் இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுத்து முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. சில இடத்தில் ஒரு வரி இன்னொரு வரிமேல் ஏறிவிட்டது. இருந்தால் என்ன? ஊரில் என்னிடம் நீங்கள் ஒரு நாளைக்குப் பேசுவது "ம்", "வேண்டாம்", "வைத்துவிட்டுப் போ". கண் மங்கி லாரியை விற்ற நாளிலிருந்து அப்படித்தான். இப்போது நாலு பக்கம்! மகனிடம் காட்டினேன். படித்துவிட்டு, கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினான்.

இன்னொரு செய்தி. தோட்டக்காரி எங்களை இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார். அடுத்த பறிப்பு வரை கியர் போட ஒரு கை, கிளட்ச் மிதிக்க ஒரு கால் வேண்டுமாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போக வேண்டும், வியாழக்கிழமை கிளம்பிவிடுவார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டாதீர்கள். நேற்று நானே தனியாகக் கியர் போட்டு வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஆனால் கொட்டகை மேட்டில் நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி பின்னாலேயே உருள்கிறது. உங்கள் படத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு செய்தும் பலிக்கவில்லை. படத்துக்குக் குரல் இல்லையே.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஓரத்தில் சின்னதாக, "அந்தப் பக்கம் பஸ் உண்டா? சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சும்மாதான் பதில் சொல்கிறேன். உண்டு. நம் ஊர்ப் பெரிய பஸ் நிலையத்தில் காலையில் முதல் வண்டி. நேராக இங்கே நாற்சந்தியில் நிற்கும், மாற வேண்டியதில்லை. ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். இறங்கி எதிரே பார்த்தால் தோட்டத்துக் கதவு தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே நில்லுங்கள், நான் கூப்பிடுகிறேன். கதவுக்கு உள்ளே வண்டியோடு நிற்பேன். அங்கிருந்து வீடு வரைக்கும் தோட்டத்துப் பாதைதான், எதிரே வண்டி வராது, லைசென்ஸ் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

உங்களை ஓட்டச் சொல்லி நான் கூப்பிடவில்லை. ஓட்டுகிறவள் நான்தான். பக்கத்தில் ஓர் ஆள் குறைகிறது, அவ்வளவுதான். எத்தனை ஊருக்கு, எத்தனை மழையில், எதிரே வருகிற வெளிச்சத்தில் உங்கள் கண் கூசிக்கொண்டிருக்கும்போது, நான் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேன்! எந்த ஊர் தாண்டியது, எந்தப் பாலம் வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. விழித்தால் போக வேண்டிய இடம் வந்திருக்கும். ஒரு நாள்கூட நான் பயந்ததில்லை.

அதனால் வாருங்கள். மேட்டில் என்னைத் திட்டுங்கள், கிளட்சுக்குத் திட்டுங்கள், உடைந்த விளக்குக்குத் திட்டுங்கள். திட்டி முடிந்ததும் என் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்குங்கள். வீடு வந்ததும் நான் எழுப்புகிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி.